புதிய ஸ்கூட்டரின் பழைய முகம்



வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் பல உள. மாலை ஐந்து மணிக்குப் பின்னர் அவற்றுள் ஏதேனும் ஒன்றின் முகப்பில் நின்று, போகின்ற வருகின்ற வண்டிகளைச் சிறிது நேரம் அவதானிப்பவர்கள் ஒரு விந்தையைக் காண்பார்கள். முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் இரைந்து செல்லும் நெரிசலுக்கிடையே, உருண்டை விளக்கும், பளபளக்கும் வெள்ளி விளிம்பும், புடைத்த விலாவும் கொண்ட ஸ்கூட்டர் ஒன்று மெல்ல வளைந்து வரும். இளம் பச்சையோ பால் வெள்ளையோ, அதன் நிறமுங்கூட நம் தகப்பன்மார் காலத்து நிறமாகவே இருக்கும். செலுத்தி வருபவள் இருபது, இருபத்தொரு வயதுப் பெண். நடைபாதையில் மரக்கறிப் பையுடன் நிற்கும் முதியவர் ஒருவர் கழுத்தைத் திருப்பி அதனைப் பார்ப்பார். அது திருப்பத்தில் மறைந்த பின்னரும் சற்று நேரம் அத்திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆயினும் அந்த வண்டியின் பழமை மேலோட்டுக்கு அப்பாற் செல்லவில்லை. உடல் பெரும்பாலும் பிளாஸ்திக்கினால் ஆனது. கியர் மாற்றும் வேலை இல்லை. நாடாப் பட்டியொன்று அதனைத் தானே பார்த்துக்கொள்கின்றது. உதைத்துக் கிளப்பவும் வேண்டியதில்லை; ஒரு பொத்தான் போதும். பெற்றோலை அளந்து விடுவதற்கு உள்ளே மின்னணுச் சாதனம் ஒன்று இருக்கின்றது. இவ்வளவு புதுமைகளையும் அடக்கிய வண்டிக்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்திய முகத்தை ஏன் பூட்டுகின்றார்கள்? பூட்டினால் மக்கள் ஏன் விரும்பி வாங்குகின்றார்கள்? இதற்கு விடை தேடுவோர் அந்த முகம் முதன்முதலில் எவ்வாறு உண்டாயிற்று என்பதிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில் இத்தாலி நாடு பெரிதும் சிதைந்து கிடந்தது. பொன்டெடேரா என்னும் ஊரிலே பியாஜ்ஜியோ நிறுவனத்தாருக்கு இருந்த விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சினால் அழிந்திருந்தது. போர் விமானங்களை வாங்குவோர் இனி இல்லை. ஆனால் உலோகத் தகட்டை அழுத்தி வளைக்கும் நுட்பம் அறிந்த தொழிலாளர் இருந்தனர். அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும். வீதிகள் பழுதடைந்திருந்தன. மோட்டார்க் கார் வாங்கச் சாதாரண மக்களிடம் பணம் இல்லை. இந்நிலையில் முதலாளி என்றிக்கோ பியாஜ்ஜியோ மலிவான ஈருருளி வண்டி ஒன்றைச் செய்விக்க எண்ணினார். முதலிற் செய்த மாதிரிக்குத் தொழிலாளர் இட்ட பெயர் 'பப்பெரினோ' என்பது. டொனால்ட் டக் என நாம் அறிந்த கேலிச்சித்திர வாத்துக்கு இத்தாலியர் வழங்கும் பெயர் அது. முதலாளிக்கு அந்த வாத்து பிடிக்கவில்லை. ஆகவே கொராடினோ தஸ்கானியோ என்னும் பொறியியலாளரிடம் அப்பணியை ஒப்படைத்தார்.

தஸ்கானியோ மோட்டார் சைக்கிளில் விருப்பமுள்ளவரல்லர். அதனை வெறுத்தவர் என்றே சொல்லலாம். அவருடைய உள்ளமெல்லாம் ஹெலிகொப்டரில் இருந்தது. 1930ஆம் ஆண்டிலேயே அவர் அமைத்த ஹெலிகொப்டர் எட்டு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி வானில் நின்று அக்காலத்து உலக சாதனையை ஏற்படுத்தியிருந்தது. இத்தகைய ஒருவரிடம் ஈருருளியைக் கொடுத்ததுதான் நல்லதாயிற்று. மோட்டார் சைக்கிளில் தமக்குப் பிடிக்காதவற்றை ஒவ்வொன்றாக அவர் நீக்கத் தொடங்கினார். சங்கிலி உடையை அழுக்காக்கும்; எனவே பொறியைப் பின் சில்லோடு சேர்த்து வைத்துச் சங்கிலியையே ஒழித்தார். காற்றுப்போன ரயரைக் கழற்றுவது பெரும்பாடு. எனவே விமானத்தின் தரையிறங்கு சில்லைப் போல ஒரு பக்கத்தில் மாத்திரம் தாங்கப்படும் சில்லை முன்னே பொருத்தினார். குதிரைமேல் ஏறுவதுபோற் காலை வீசி ஏறவேண்டியிருப்பது பாவாடை அணிந்த பெண்களுக்கும் நீண்ட அங்கி தரித்த குருமாருக்கும் ஒவ்வாது. எனவே நடுவிலே வெளி விட்டார். வீதிச் சேறு காலிற் படாதிருக்க முன்னே ஒரு கவசம் வைத்தார். கை பிடியிலிருந்து எடுபடாமல் இருக்கக் கியரை இடக்கைப் பிடியிலேயே அமைத்தார். குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்வதற்குப் பதிலாக, விமானக்காரருக்குப் பழக்கமான முறையில், அழுத்திய உருக்குத் தகட்டையே சட்டமாகவும் உடலாகவும் ஆக்கினார்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று நாம் அழகு என்று கொண்டாடும் அந்த வளைவுகளுள் மிகப் பல, அழகுக்காக வளைக்கப்பட்டவையல்ல. புடைத்த விலாவுக்குள்ளே பொறி இருந்தது. அதனால் அது புடைத்தது. முன்கவசம் சேற்றுக்காக அகன்றது. தட்டையான தகட்டிலும் வளைந்த தகட்டுக்கு வலிமை மிகுதி. அதனால் உடல் வளைந்தது. இன்றைய வண்டியிலும் அதே விலா புடைத்திருக்கின்றது. ஆனால் அந்தப் புடைப்பினுள்ளே பல வண்டிகளில் வெற்றிடமே இருக்கக் காணலாம்.

புதிய வண்டியைக் கண்ணுற்ற என்றிக்கோ, அகன்ற பின்புறத்தையும் ஒடுங்கிய இடையையும் பார்த்து, இது குளவியைப் போல் இருக்கின்றதே என்றாராம். இத்தாலிய மொழியிற் குளவிக்கு 'வெஸ்பா' என்று பெயர். 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவ்வண்டிக்குப் புளோரன்ஸ் நகரில் காப்புரிமை பதியப்பட்டது. முதல் வண்டியின் பொறி 98 கனசென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. மறு ஆண்டில் மிலான் நகரத்து இன்னொசென்ரி நிறுவனத்தார் 'லம்பிரெட்டா'வைக் கொணர்ந்தனர். 1953ஆம் ஆண்டில் 'ரோமன் ஹொலிடே' என்னும் திரைப்படத்திலே ஓட்றி ஹெப்பர்ன் வெஸ்பாவில் ரோமாபுரி வீதிகளைச் சுற்றினார். அதன் பின் அவ்வண்டிக்கு உலகெங்கும் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை. 1956இல் பத்து லட்சமாவது வெஸ்பா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. தஸ்கானியோவுக்கு மட்டும் சிறிது மனத்தாங்கல். ஹெலிகொப்டருக்காக வாழ்ந்த தம்மை உலகம் ஸ்கூட்டருக்காக நினைவுகூர்கின்றதே என்று அவர் வருந்தினார் என்பர்.

நம் நாட்டு வீதிகளில் ஸ்கூட்டர் 1950களில் ஓடத் தொடங்கியது. அன்றைய கொழும்பு இன்றைய கொழும்பன்று. 1960 வரை டிராம் வண்டி ஓடிய நகரம் அது. 1958இல் பஸ் சேவை அரசுடைமை ஆக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னர், லண்டனில் ஓடித் தேய்ந்த சிவப்பு இரட்டைத் தட்டு பஸ்கள் காலி வீதியில் ஓடின. மோட்டார்க் கார் பெரிய உத்தியோகத்தருக்கும் வர்த்தகருக்கும் உரியது. துவிச்சக்கர வண்டி தொழிலாளிக்கு உரியது. இவ்விரண்டிற்கும் இடையில் நின்றவர்கள் கந்தோர் லிகிதர், பாடசாலை ஆசிரியர், காப்புறுதி முகவர் போன்றோர். கழுத்துப்பட்டியும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்து, எண்ணெய்ப் பிசுக்குப் படாமல் கோட்டைக்கு வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள் அவர்கள். சங்கிலியில்லாத இத்தாலிய வண்டி அவர்களுக்கென்றே செய்யப்பட்டது போல் அமைந்தது.

என் தாய்மாமன் அத்தகைய லிகிதர்களுள் ஒருவர். வெள்ளவத்தையில் வாடகை வீட்டிற் குடியிருந்தார். பாட்டியார் வீடு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அண்மையில். 1960களின் பிற்பகுதியில் ஒருவர் பாவித்த வெஸ்பா ஒன்றை மாமா வாங்கினார். சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு அதிலேதான் கூட்டிச் செல்வார். எனக்கு அப்போது ஆறு வயது. முன்கவசத்தைப் பிடித்துக்கொண்டு கால்தட்டிலே நிற்பேன். பின்னால் மாமி சேலையை ஒதுக்கி ஒருபக்கமாக அமர்ந்திருப்பார், மடியிலே கைக்குழந்தை. செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டிக் கோட்டை வழியாகக் காலிமுகத்திடலுக்கு வந்ததும் கடற்காற்று முகத்தில் அறையும். நான்கு பேரைச் சுமந்த அச்சிறு பொறி கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாவற்றையும் முனகிக்கொண்டே கடக்கும். அதன் புகைக்கு ஒரு மணம் உண்டு. பெற்றோலுடன் எண்ணெய் கலந்து எரிகின்ற மணம். சுகாதாரத்துக்குக் கேடான அம்மணத்தை இன்று எவரும் விரும்பிக் கேட்கமாட்டார்கள். எனினும் எங்கேனும் அது வீசினால் என் மூக்கு அடையாளங் கண்டுகொள்கின்றது.

அந்த வண்டி தினமும் காலையிற் கிளம்ப மறுக்கும். மாமா அதனை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார். சாய்த்தால் பெற்றோல் இறங்கும் என்பது ஸ்கூட்டர்காரர் அனைவருடைய நம்பிக்கை. பின்பு நிமிர்த்தி உதைப்பார். கிளம்பாவிடில் தீப்பொறிச் செருகியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். ரயர் காற்றுப்போனால், பக்கத்தில் இருக்கும் உபரிச் சில்லைக் கழற்றிப் பத்து நிமிடத்திற் பூட்டிவிடுவார். அதில் அவருக்குப் பெருமிதம் அதிகம்.

1960களில் அந்நியச் செலாவணி குறைந்தமையால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. புது வண்டி கிடையாது. உதிரிப் பாகமும் அரிது. இதனால் நம் நாட்டவர் வேண்டாத ஒரு பொருளையும் எறியாத மக்களாயினர். பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகள் இக்கலைக்குப் பல்கலைக்கழகமாக விளங்கின. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல்லால் 'பாஸ்' என்று நாம் அழைக்கும் கைவினைஞர், கிடைக்காத பாகத்தைத் தாமே கடைந்து கொடுத்தனர். துருப்பிடித்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி ஒட்டினர். இலங்கையிற் பழைய ஸ்கூட்டர்கள் இன்றும் எஞ்சியிருப்பதற்குக் காரணம் பழமையிற் காதல் அன்று, வேறு வண்டி வாங்க வழியில்லாமையே. காதல் பின்னர் வந்தது.

இன்னொரு செய்தியையும் இங்கே கூறாமல் விட இயலாது. பழைய வண்டி சேர்ப்போர், அதன் ஆரம்ப இலக்கத் தகட்டைப் பெரிதாக மதிக்கின்றனர். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் சில காலம் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளே தகடுகளில் இரண்டிரண்டாக வந்தன. 1957 தொடக்கம் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் அதனை எதிர்த்துத் தமிழ் 'ஸ்ரீ'யை எழுதி ஓடினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. 1958 மே மாதத்தில் அது பெருங் கலவரமாக மூண்டது. இன்று அத்தகடு பூட்டிய ஸ்கூட்டரை எவரேனும் துடைத்து மினுக்கிக் காட்டும்போது, பார்ப்பவருள் ஒருவர் அதனை அழகிய பழம்பொருளாகக் காண்பார். இன்னொருவர் அந்த எழுத்தில் வேறொன்றைக் காண்பார். தகடு ஒன்றுதான்.

இந்தியாவின் கதை வேறு. அங்கே பம்பாயில் லம்பிரெட்டாவைப் பொருத்தி விற்றனர். பஜாஜ் நிறுவனத்தார் 1948 முதல் வெஸ்பாவை இறக்குமதி செய்து, 1960களின் தொடக்கத்திற் பியாஜ்ஜியோவின் அனுமதியுடன் தாமே உற்பத்தி செய்யலாயினர். அனுமதி 1971இல் முடிந்தது. 1972இல் அதே உருவத்துக்கு 'சேத்தக்' என்று பெயரிட்டனர். ராணா பிரதாப் சிங்கின் குதிரையின் பெயர் அது. பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டு வரை காத்திருந்தோர் உண்டு. 1977இல் நம் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் இவ்வண்டிகள் இங்கேயும் பெருகின. அவற்றோடு முச்சக்கர வண்டியும் வந்தது. இன்று கொட்டாஞ்சேனைச் சந்தியில் வரிசையாக நிற்கும் முச்சக்கர வண்டியின் கைப்பிடியை உற்று நோக்குங்கள். வெஸ்பாவின் முன்பாதிக்குப் பின்னே இரு சில்லுப் பெட்டியைப் பூட்டி, 1940களின் இறுதியில் பியாஜ்ஜியோ விற்ற 'ஆப்பே' என்னும் வண்டியின் வழிவந்தது அது. 'ஆப்பே' என்றால் தேனீ. குளவி மறைந்தாலும் தேனீ நம்மிடம் நிலைத்துவிட்டது.

1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவு பொரளையில் மூண்ட வன்செயல், மறுநாட் காலை வெள்ளவத்தைக்கு வந்தது. கடைகளும் வீடுகளும் எரிந்தன. வீதியில் மறித்த வாகனங்களிலிருந்தே பெற்றோலை எடுத்துத் தீ மூட்டினர். மாமா குடும்பத்தினரை அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் தம் சமையலறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினர். பின்பு பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் அகதிகளாய் இருந்தனர். அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். சில வாரங்களின் பின் மாமா மட்டும் திரும்பி வந்து வீட்டைப் பார்த்தார். நானும் உடன் சென்றேன். முற்றத்திலே ஸ்கூட்டர் கரியாய் நின்றது. ரயர், இருக்கை, கைப்பிடி ரப்பர் யாவும் எரிந்துபோயின. தகட்டால் ஆனபடியால் உருவம் மட்டும் அழியவில்லை. மாமா அதனருகே சிறிது நேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஆண்டு கனடாவுக்குச் சென்றுவிட்டார்.

வடக்கிலே பின்னர் பெற்றோல் தடுக்கப்பட்ட போர்க்காலத்தில், கிளப்புவதற்குச் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்று மக்கள் மோட்டார் சைக்கிள்களை ஓட்டினார்கள். அக்கதை தனியாகச் சொல்ல வேண்டிய கதை.

உலகச் சந்தையிற் பழைய உருவத்தை வேண்டுமென்றே மீட்டுக்கொள்ளும் போக்கு 1980களின் பிற்பகுதியில் யப்பானில் வலுப்பெற்றது. நிசான் நிறுவனத்தார் 1987இல் 'பி-வன்' என்னும் சிறு காரைப் பழைய சாயலில் வெளியிட்டனர், வாங்குவோர் முண்டியடித்தனர். 1997இல் யமஹாவின் 'வினோ' ஸ்கூட்டர் வந்தது. பியாஜ்ஜியோவே தன் பழைய முகத்தைத் தான் பார்த்து வரையத் தொடங்கிற்று. 2013இல் வெளிவந்த 'வெஸ்பா 946' என்னும் விலைமிக்க வண்டியின் பெயரே 1946ஆம் ஆண்டை நினைவூட்டுவது. இந்தியாவில் 2012இல் வெஸ்பா மீண்டும் உற்பத்தியாயிற்று; 2015இல் யமஹாவின் 'பசினோ' வந்தது. ஸ்கூட்டர் செய்வதை 2009இற் கைவிட்ட பஜாஜ் நிறுவனமோ 2020இற் 'சேத்தக்'கை மின்சார வண்டியாக உயிர்ப்பித்தது. புகையும் ஓசையும் அற்ற சேத்தக்! பழைய சேத்தக்கை ஓட்டியவர்க்கு இஃது உப்பில்லாத கருவாடு போலத் தோன்றக்கூடும்.

நம் நாட்டிலோ இன்னொரு சுற்றும் நிகழ்ந்தது. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடையில் 2022இல் எரிபொருட் பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று தொடங்கினர். பாவித்த ஸ்கூட்டர்களின் விலை ஏறியது. பஞ்சிகாவத்தைக்கு மறுபடியும் மவுசு பிறந்தது. மாமாவின் காலம் திரும்பி வந்ததென்று நான் எண்ணியதுண்டு.

இனி, இவ்வண்டிகள் ஏன் மனத்தைக் கவர்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். வாங்குவோருட் பெரும்பாலார் பழைய வண்டியை ஓட்டியவரல்லர். ஆகவே இதனை அவர்களுடைய ஞாபகம் என்று கூறுதல் பொருந்தாது. என் அபிப்பிராயத்தில் முதற் காரணம் மிக எளியது. இன்றைய வண்டிகளிற் பல, கூரிய மூக்கும் சினந்த கண்ணுமாகப் பாய வரும் விலங்கைப் போல் அமைக்கப்படுகின்றன. உருண்டை விளக்கு கொண்ட வண்டி எவர்மீதும் பாயாது. நெரிசல் மிகுந்த காலி வீதியிலே அத்தகைய சாந்தமான முகம் ஒன்று ஆறுதலாயிருக்கின்றது. இரண்டாவது காரணம், பழமையின் தொல்லைகளை விலக்கி அதன் தோற்றத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளும் வசதி. சாய்க்கவும் உதைக்கவும் தேய்க்கவும் வேண்டியதில்லை. இதனைப் போலித்தனம் என்று கண்டிப்போர் உளர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு கண்டித்தவனே. பிளாஸ்திக் விலாவைத் தட்டிப் பார்த்து நகைத்ததுமுண்டு.

அந்த எண்ணத்தை என் மகள் மாற்றினாள். 2017இல் அவள் அத்தகைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கியபோது, பழைய வண்டியைப் பற்றி நான் பெருமையாகப் பேசினேன். அவள் கேட்டுவிட்டு, "அந்த ஸ்கூட்டரை மாமி எப்பவாவது ஓட்டினவவோ?" என்றாள். மாமி ஓட்டியதில்லை. ஓட்டலாம் என்று எவருக்கும் தோன்றியதுமில்லை. பாவாடை அணிந்த பெண் ஏறத்தக்கதாகத் தஸ்கானியோ அமைத்த வண்டியில், நம் வீட்டுப் பெண்கள் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யப்பானிலிருந்து வந்த சிறிய 'ஹொண்டா சாலி'யும், பின்னர் இந்திய 'ஸ்கூட்டி'யுமே அவர்களை முன்னிருக்கைக்குக் கொணர்ந்தன. அதன் பின்பு வந்த பழைய முகத்து வண்டிக்கு, பழைய வண்டி தராத ஒன்றைத் தரும் ஆற்றல் இருந்தது. என் மகளுக்கு அதன் வெள்ளி விளிம்பு வெறும் அழகு. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை, ஒரு முற்றமுங்கூட. இரண்டையும் ஒரே வண்டி சுமப்பதில் அதற்கு ஒரு சிரமமும் இருப்பதாகத் தெரியவில்லை.

2018இல் மாமா கனடாவிலிருந்து வந்திருந்தார். எண்பது வயது. முற்றத்தில் நின்ற ஸ்கூட்டரைக் கண்டதும் அருகே சென்று முன்கவசத்தைத் தடவினார். திறப்பை வாங்கிப் போட்டார். பின்பு இரு கையாலும் வண்டியைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்க்கத் தொடங்கினார். மகள் ஓடிவந்து, "தாத்தா, அப்பிடிச் செய்யத் தேவையில்லை. பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு இந்தப் பொத்தானை அமத்துங்கோ" என்றாள். அமர்த்தினார். வண்டி கிளம்பிற்று. சற்று நேரம் அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார். பின்னர் குனிந்து இருபுறமும் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்பெயார் வீல் எங்கை, பிள்ளை?" என்று கேட்டார். அவளும் அவரோடு குனிந்து தேடினாள்.